வின்னிபெக்: மன்னிப்புக்குப் பிறகு திறந்த வகுப்பறை

ரொறன்ரோவில் உறவுகள் உள்ள எமது வாசகர்கள் பலருக்குக் கனடா அடைக்கலம் தந்த நாடு. தன் பூர்வகுடிகளுக்கு அந்த நாடு செய்தது வேறு. அரசின் பணத்தில் தேவாலயங்கள் நடத்திய வதிவிடப் பாடசாலைகளுக்கு 1 இலட்சத்து 50 ஆயிரம் வரையான பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். பலர் பெற்றோரிடமிருந்து பறித்தெடுக்கப்பட்டவர்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. கடைசிப் பாடசாலை 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. 2008 இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த மன்னிப்பின் பெறுமதியை மனிரோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கில் அளந்து பார்க்கலாம். 2021 குடிசன மதிப்பின்படி அந்நகர்ப் பகுதியில் 1 இலட்சத்துக்கும் அதிகமான பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இருப்பது ரயில் பாதைக்கு வடக்கே உள்ள வறிய குடியிருப்புகளில். இடையில் படிப்பை விட்டவர்கள் அங்கு ஏராளம். பாட்டியை உடைத்த இடம் பாடசாலை என்றால், பேத்தி அதன் வாசலை எந்த மனதோடு மிதிப்பாள்?

செல்கேர்க் வீதியில் 1990 இல் தொடங்கிய 'அர்பன் சேர்க்கிள்' பயிற்சி நிலையம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு பாடத்தோடு மூத்தோரின் வழிகாட்டலும் பண்பாடும் உண்டு. அருகிலேயே பிள்ளைகள் பராமரிப்பு நிலையமும் உண்டு. இளம் தாய்மாருக்கு அட்சரகணிதத்தைவிடப் பெரிய தடை, பிள்ளையை யாரிடம் விட்டு வருவது என்பதல்லவா! 2003 முதல் மனிரோபாவில் வளர்ந்தோர் கற்றல் நிலையங்களுக்கெனத் தனிச்சட்டமும் இருக்கிறது. உயர்தரப் பாடசாலைக் கல்வியை அங்கு கட்டணமின்றி முடிக்கலாம்.

சிக்கல் பணத்தில் வருகிறது. பெற்றோர் படித்தால் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று வின்னிபெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் சில்வர் நெடுங்காலமாக வாதிட்டு வந்திருக்கிறார். ஆனாலும் மாகாணக் கல்விச் செலவில் வளர்ந்தோர் கல்விக்குக் கிடைப்பது சொற்பம். கல்வி, வேலை இடைவெளிகளை அகற்றத் திட்டம் வேண்டும் என்பது 2015 இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு விடுத்த 94 அழைப்புகளில் 7 ஆவது. அது மத்திய அரசிடம் கேட்கப்பட்டது. கல்வியோ மாகாணப் பொறுப்பு. ஒதுக்கக் குடியிருப்புகளின் பாடசாலைகளுக்கு மத்திய அரசு பணம் தரும். நகரத்துக்கு வந்துவிட்டவர் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கிறார்.

சண்டைக்கும் குடிக்கும் பேர்போன மேர்ச்சன்ட்ஸ் ஹோட்டலும் அதே செல்கேர்க் வீதியில்தான் இருந்தது. குடியிருப்பாளர்கள் பல வருடங்கள் விடாமல் முயன்றார்கள். இன்று அக்கட்டடத்தில் பல்கலைக்கழக வகுப்பறைகளும் வீடுகளும் இருக்கின்றன.