ரத்தமில்லாத வயிற்றில் எதைக் கற்பது?

சமீபத்தில் ஒரு பயிற்சி முகாம் மேடையில் மூத்த மருத்துவர் ஒருவர் மறுபடியும் அதையே சொன்னார்: “அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்பது கைவேலை. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அதை ஆன்லைனில் சொல்லித்தரவே முடியாது.” கூடம் கைதட்டியது. கைதட்டியவர்களில் பலர் அன்று முழுக்க, உடலில் வைத்துப் பார்க்கும் ப்ரோபைத் தொடவே இல்லை. ஒரு மெஷின், சுற்றிலும் 40 பேர். முன்னால் நின்றவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தார்கள். மற்றவர்கள் அவர்களின் முதுகைப் பார்த்தார்கள். இதை நேரடிப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆம்புலன்ஸ் பணியாளர் கற்கவேண்டியது இ-ஃபாஸ்ட் என்னும் சின்ன ஸ்கேன். விபத்தில் அடிபட்டவருக்குக் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரல் பக்கம், அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறதா? மூச்சு விடும்போது நுரையீரல் உறை வழுக்கி நகர்கிறதா? இவ்வளவுதான் கேள்வி. தேங்கிய ரத்தம் திரையில் கறுப்பாகத் தெரியும். சில நேரம் கல்லீரல் ஓரத்தில் மெல்லிய ஒரு கறுப்புக் கோடு மட்டுமே இருக்கும். அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளத்தான் இந்தப் படிப்பே.

வகுப்பில் யாரைப் படுக்கவைக்கிறோம்? நோய்நொடி இல்லாத, ஒல்லியான ஓர் இளைஞரை. அவர் வயிற்றில் ரத்தம் இல்லை. காலையில் பார்த்தாலும் இல்லை, மாலையில் பார்த்தாலும் இல்லை. அவருடைய நுரையீரல் ஒழுங்காக வழுக்குகிறது, இதயத்தைச் சுற்றி எதுவும் தேங்கவில்லை. 40 பேரும் ரத்தமில்லாத வயிற்றைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவரின் சம்மதம் பெற்று, அவர் வயிற்றில் உள்ள திரவத்தைக் காட்டிச் சொல்லித்தரும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மற்ற முகாம்களில் அந்த இளைஞர்தான், அதே வயிறுதான்.

ஆன்லைன் பாடத்தில் ஒரே சாயங்காலத்தில் ஐம்பது வயிறுகளைப் பார்க்கலாம். ரத்தம் நிறைந்தது, சந்தேகமானது, இதயத்தின் மேல் படிந்த கொழுப்பை ரத்தமென்று எண்ணி ஏமாறவைப்பது, எல்லாம் வரும். புரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவின் இரண்டு மருத்துவமனைகளில் இ-ஃபாஸ்ட் பாடத்தை இணையத்தில் கற்றவர்களையும் வகுப்பில் கற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. தேர்வில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறின. இதைச் சொன்னால், “அது அங்கே” என்கிறார்கள். அங்கே என்றால் ரத்தம் வேறு நிறமா?

ப்ரோபை எப்படிச் சாய்ப்பது, எவ்வளவு அழுத்துவது என்று காட்ட ஆள் வேண்டும்தான். அதற்கு மெஷினோடு ஒருவர் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கே போய், நான்கு நான்கு பேராக உட்காரவைத்துக் கையைப் பிடித்துச் சொல்லித்தரட்டும். குத்துவிளக்கும் பொன்னாடையும் எதற்கு? 12 மணி நேரப் பணி முடித்த ஓர் இ.எம்.டி. (ஆம்புலன்ஸின் அவசர மருத்துவப் பணியாளர்) தூங்காமல் இரவு பஸ்ஸில் நகரத்துக்கு வந்து கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கிறார். அவருடைய ஒருநாள் விடுப்புக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. வரவேற்புரைக்கு மட்டும் முக்கால் மணி நேரம்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ல் வந்தது. இன்றும் அந்த இ.எம்.டி. எத்தனை நன்றாகக் கற்றாலும் வண்டியில் ப்ரோபைப் பிடிக்கச் சட்டம் விடாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம், பதிவு பெற்ற இடத்தில், தகுதி பெற்ற மருத்துவர் கையில் மட்டுமே ஸ்கேனை ஒப்படைக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டத்தின் ஒரு வரியைக்கூடத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் கைதட்டு வாங்கும் பெரியவர்கள் அரசிடம் போய் இதற்கொரு வழி கேட்கலாமே. ஆம்புலன்ஸில் எடுக்கும் ஒவ்வொரு படமும் தானாகவே பதிவாகி மருத்துவமனைக்குப் போய்ச் சேரட்டும். யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்பது அதிலேயே இருக்கட்டும். அந்தக் கட்டுப்பாட்டோடு அடிபட்டவர்களுக்கு மட்டும் தனி விதி எழுதச் சொல்லி ஒரு மனு கொடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.