கொல்கத்தா கொண்டாடும் சென்னைப் பையன்!

வலது ஓரத்தில் பந்து வந்தது. நந்தகுமார் வாங்கினார். கோட்டை ஒட்டி ஓடப் போகிறார் என்று எதிர் ஆட்டக்காரர் நினைத்தார். ஆனால், அவர் சட்டென்று உள்ளே திரும்பினார். இடது காலால் உதைத்தார். பந்து வளைந்து போய் வலையில் விழுந்தது.

கோல்!

நாள்: 12-8-2023, சனிக்கிழமை. இடம்: கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். டுராண்ட் கோப்பைப் பந்தயம். ஈஸ்ட் பெங்கால் அணிக்கும் மோகன் பகான் அணிக்கும் ஆட்டம். அந்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது.

ஒரு கோலுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் தன் பரம எதிரியை ஜெயித்ததே இல்லை. தொடர்ந்து 8 தோல்வி. நாலரை வருஷம் தலைகுனிந்து நடந்த ரசிகர்களை அன்று தலைநிமிர வைத்தவர், சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர். அந்த அணிக்கு அவர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார்!

மீன் விலை ஏறும்

மோகன் பகான் 1889-ல் பிறந்தது. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்தை விட்டு ஓடி வந்த குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால்தான் சொந்த ஊர் மாதிரி. வீடு போயிற்று, நிலம் போயிற்று. அணி மட்டும் மிஞ்சியது.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அந்த வீடுகளில் உல்லம் மீன் குழம்பு. மோகன் பகான் ஜெயித்தால் மற்ற வீடுகளில் இறால். அன்றைக்குச் சந்தையில் அந்த மீனின் விலை ஏறும் என்பது கொல்கத்தாவில் பழைய பேச்சு. காசிமேட்டுக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். (உல்லத்தில் முள் அதிகம். வங்காளிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.)

எது பெரிய கோல்?

ரசிகர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

அதே டுராண்ட் கோப்பை அரை இறுதி. 29-8-2023. எதிரே நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணி. ஈஸ்ட் பெங்கால் 0-2 என்று பின்தங்கி இருந்தது. ஒரு கோல் திரும்பியது. 90 நிமிஷமும் முடிந்துவிட்டது. கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் 7-வது நிமிஷம். நந்தகுமார் தலையால் முட்டினார். 2-2! பிறகு பெனால்டியில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் மோகன் பகானிடம் தோற்றது வேறு கதை.

அடுத்தது சூப்பர் கோப்பை. 19-1-2024 அன்று மறுபடியும் மோகன் பகான். 3-1 என்று வெற்றி. மூன்றில் ஒன்று நந்தகுமார் அடித்தது.

28-1-2024 இறுதி ஆட்டம்தான் எல்லாவற்றையும் விட ருசியானது. புவனேசுவரத்தில் நடந்தது. எதிர் அணி ஒடிசா. அது நந்தகுமாரின் பழைய அணி! முந்திய வருஷம் இதே கோப்பையை அவர் அந்த அணிக்காகத்தான் வாங்கினார். இப்போது அவர்களுக்கு எதிராகவே கோல் போட்டு 1-1 என்று சமன் செய்தார். கடைசியில் 3-2. ஈஸ்ட் பெங்காலுக்கு 12 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த அகில இந்தியக் கோப்பை.

இத்தனை இரவுகளில் ஒன்றுகூடச் சென்னையில் இல்லை.

வியாசர்பாடிப் பிள்ளை

சென்னையிலும் அப்படி ஓர் இரவு வந்தது. 13-3-2018. பெரியமேடு நேரு ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். அரை இறுதி. சென்னையின் எப்.சி., கோவா அணியை 3-0 என்று விரட்டியது. அதில் ஒரு கோல் தனபால் கணேஷ் போட்டது.

கணேஷ் வியாசர்பாடிக்காரர். அங்கிருந்து நேரு ஸ்டேடியம் பக்கம்தான். நடுக்களத்தில் நின்று எதிரியின் காலில் இருந்து பந்தைப் பிடுங்குவதே அவர் வேலை. கோல் போடுவது அபூர்வம். அப்படிப்பட்டவர் சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால், மிக முக்கியமான நாளில் கோல் போட்டார். நான்கு நாள் கழித்துச் சென்னையின் அணி பெங்களூரில் கோப்பையையும் வாங்கியது.

பிறகு முழங்காலில் காயம். அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

வேலை எங்கே?

பையன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் அம்மா கேட்பது ஒன்றுதான்: "பந்து உதைத்தால் சோறு வருமா?"

முன்பு பதில் இருந்தது. நன்றாக ஆடும் பையனை ஐ.சி.எப்., ரெயில்வே, பாங்கி போன்ற அலுவலக அணிகள் கூப்பிடும். பந்தோடு வேலையும் கிடைக்கும். கால் தேய்ந்த பிறகும் சம்பளம் வரும்.

அந்தக் கதவு இப்போது குறுகிவிட்டது. வட சென்னைக்குச் சோறு போட்ட பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. அடுத்த வருஷமே வியாசர்பாடியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பந்தும் பாடமும் சொல்லிக்கொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பந்து பழக வருகிற பிள்ளை பள்ளிக்கூடத்தையும் விடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் பழகிய பிள்ளை பிறகு எங்கே போவது?

நந்தகுமார் முதலில் சென்னை சிட்டி அணியில் ஆடினார். அந்த அணி 2018-19-ல் ஐ-லீக் கோப்பையை வாங்கியபோது அதன் சொந்த மைதானம் கோவையில் இருந்தது! பேர் சென்னை, ஆட்டம் கோவை. நந்தகுமார் அதற்குள் டெல்லி அணிக்குப் போயிருந்தார். அந்த அணி ஒடிசாவுக்குக் குடிபெயர்ந்தது. கடைசியில் கொல்கத்தா. ராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகம் உண்டு, தொழிற்சாலை உண்டு, லாரி வரிசை உண்டு. உல்லம் மீன் வாங்கிக் கொண்டாடுகிற மாதிரி, தலைமுறை தலைமுறையாக 'நம்ம அணி' என்று சொல்ல ஓர் அணி இல்லை. ஆட்டக்காரன் ஊரை விட்டுப் போனால் அவன் நினைவும் கூடவே போய்விடுகிறது.

வெளியூரிலாவது நிச்சயம் உண்டா? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பந்தயமே நிறுத்தி வைக்கப்பட்டது. பந்தயத்தை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததே காரணம். ஆகஸ்டில் சென்னையின் எப்.சி. தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் பந்தயம் 14-2-2026 அன்றுதான் தொடங்கியது.

முந்திய பருவத்தில் ஓர் அணிக்கு 24 லீக் ஆட்டம். இந்தப் பருவத்துக்கு 13 மட்டுமே. பெயர் பெற்றவர்களுக்கு அதிலும் இடம் கிடைக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புதுப் பையனுக்குத்தான் 11 ஆட்டம் போயிற்று.