வீடு கிடைத்தது, வாக்கு எப்போது?

அறந்தாங்கி சட்டமன்றத் தொகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும் நாடாளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரத்தோடு சேர்ந்தது. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்த ஈழத்தமிழர்கள் கரையேறிய ராமேசுவரமும், அவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமும் இதே நாடாளுமன்றத் தொகுதியில்தான் உள்ளன. அறந்தாங்கியை அடுத்த அழியாநிலையிலும் அவர்களுக்கு ஒரு முகாம் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முகாம்வாசிகளில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை.

பெயிண்ட் அடிக்கும் வேலைக்கு வெளியூர் போனவர் வருவாய்த் துறையினர் ஆள் கணக்கெடுக்கும் நாளில் முகாமுக்குத் திரும்பி வந்து அதிகாரி முன் நிற்க வேண்டும். இங்கேயே பிறந்து, நம் பள்ளியில் படித்து, பட்டம் வாங்கிய பிள்ளைக்கும் அதே நிலைதான். அரசு வேலைக்கு மனுப்போடவும் வழியில்லை.

2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாயில் நலத்திட்டங்களையும் 7,469 புதிய வீடுகளையும் அறிவித்தது. அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இடம்பெற்றன, இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த ஈழத்தமிழர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு தந்தது. அதிலும் குடியுரிமை இல்லை.

முகாம்களில் மலையகத் தமிழரும் ஏராளம். இங்கிருந்து இலங்கையின் கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1948இல் இலங்கை இவர்களை இந்தியர் என்று சொல்லிக் குடியுரிமையைப் பறித்தது. இங்கே நாமோ இவர்களை இலங்கையர் என்று சொல்லி மறுக்கிறோம். இது அநீதி.

கனடாவைப் பாருங்கள். 1983இல் சிறுவனாக அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் ஹரி ஆனந்தசங்கரி, 2015இல் ஸ்கார்பரோ–ரூஜ் பார்க் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2025இல் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். குடியேறிகள் நிறைந்த அந்தப் பகுதியில் தமிழரின் வாக்கைக் கேட்டு எல்லாக் கட்சியும் படியேறுகிறது. அதே 1983இல் தமிழ் பேசும் கரைக்கு வந்தவர் வாசலுக்கு யார் போகிறார்கள்?

சட்டத் திருத்தம் டெல்லியின் கையில். தமிழகத்து எம்பிக்கள் அதற்காக விடாமல் போராட வேண்டும். ஆனால் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியரே. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி உயர் நீதிமன்றம் போனார். 2022இல் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் அவர் வாக்களித்தார். இருக்கிற உரிமைக்காக ஒவ்வொருவரும் வழக்குப் போட வேண்டுமா? அழியாநிலைக்குக் கணக்கெடுக்கப் போகும் வருவாய்த் துறையினர், 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதட்டும். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக் கொடுத்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவத்தையும் கையோடு வாங்கி வரட்டும்.