கீச்... கீச்... காதில் விழலையா?

கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்து இறக்கம். நாம் ஏறிய வாடகைக் காரின் டிரைவர் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம். அடுத்த சிக்னலில் மறுபடியும் 'கீச்'!

"என்ன அண்ணே இது?" என்று கேட்டோம்.

"பத்து நாளா இப்படித்தான் கத்துது தம்பி. பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்றார். சொல்லிவிட்டு, கையை நீட்டி ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்!

நோய்க்கு மருந்து ரேடியோவா?

அந்தக் 'கீச்' சும்மா வருவதில்லை. பல கார்களில் பிரேக் பேடோடு ஒரு சின்னத் தகட்டைக் கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். பேடு தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசிக் கத்தும். 'என்னை மாற்று' என்று அடிக்கிற மணி அது. புதுப் பேடின் கனம் சுமார் 10 மில்லி மீட்டர். அது 3 மில்லி மீட்டருக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

எல்லாச் சத்தமும் ஆபத்து இல்லை. ராத்திரி மழையில் நனைந்த வண்டி காலையில் 'கரகர' என்னும். டிஸ்கில் படிந்த லேசான துருதான். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மிதித்ததும் 'கர்ர்ர்' என்று இரும்பை அரைக்கிறதா? பேடு முழுக்கத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசலாம். ஓரங்கட்டி நிறுத்துங்கள். மெக்கானிக் பார்க்காமல் எடுக்காதீர்கள். பேடு செலவோடு முடிய வேண்டியது, டிஸ்கையும் சேர்த்து மாற்றுகிற செலவாகிவிடும்.

மிதிக்கும்போது 'டொக்' என்றால் பேடைப் பிடிக்கிற கிளிப் தளர்ந்திருக்கலாம். பெடலும் ஸ்டியரிங்கும் உதறினால் டிஸ்க் சமமாக இல்லை. பிரேக்கைத் தொடாதபோதும் 'ஊம்' என்று வேகத்தோடு கூடினால் வீல் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தம் அடங்க டிஸ்கில் ஆயில் விடுகிற புத்திசாலிகளும் உண்டு. சத்தம் அடங்கும். கூடவே பிரேக்கும் அடங்கிவிடும்!

40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் பாய்கிறது. பிரேக் ஒரு விநாடி ஏமாற்றினால் 11 மீட்டர். பள்ளிக்கூட வாசலில் ரோட்டைக் கடக்கிற பிள்ளைக்கும் வண்டிக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்குமா?

டாக்சி, லாரி, பஸ்சுக்காவது எப்.சி. உண்டு. ஆனால் எப்.சி. வாங்கிய மறு மாசமே பேடு தேயலாம். சொந்தக் கார் கதை இன்னும் மோசம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அதன் பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை எப்.சி.க்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டிய வேலையே இல்லை. அந்த 15 ஆண்டும் உங்கள் காதுதான் இன்ஸ்பெக்டர்!

டிரைவரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. வண்டி ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அவர் வீட்டில் அன்றைய வருமானம் போச்சு. வண்டி முதலாளிகளே, அந்த ஒரு நாள் பேட்டாவை நீங்கள் கொடுங்கள். பிரேக் வேலையைத் தள்ளிப் போடச் சொல்லாதீர்கள்.

பயணிகளும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம். சத்தம் கேட்டால் கேளுங்கள். பதில் சரியில்லையா? இறங்கிக்கொள்ளுங்கள். நாமும் அன்றைக்குச் சின்னமலையிலேயே இறங்கிவிட்டோம்.

முதலில் அந்த ரேடியோவை நிறுத்துங்கள். சக்கரம் சொல்வது காதில் விழட்டும்!