மும்பை லாபி என்ற கட்டுக்கதை

இந்திய கிரிக்கெட் அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டு ரசிகர்களிடமிருந்து ஒரே குற்றச்சாட்டு கிளம்புகிறது. தேர்வுக் குழு மும்பைக்காரர்கள் பிடியில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர் என்றால் வேண்டுமென்றே ஓரங்கட்டுகிறார்கள். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் உள்ள திருமயத்தின் டீக்கடை பெஞ்சிலும் இதே பேச்சுதான், சேப்பாக்கம் கேலரியிலும் இதே பேச்சுதான். சாட்சிக்கு அழைக்கப்படுபவர்களும் மாறுவதில்லை: பத்ரிநாத், அஸ்வின், நடராஜன். மூன்று பேரும் பெரிய ஆட்டக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூவரில் ஒருவருடைய கதைகூட இந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்கவில்லை.

பத்ரிநாத் முதல்தரப் போட்டிகளில் பத்தாயிரம் ரன்னைத் தாண்டியவர். சராசரி ஐம்பதுக்கு மேல். இந்தியாவுக்கு ஆடியதோ 2 டெஸ்ட், 7 ஒருநாள் போட்டி, ஒரு டி20. இதைவிட அநியாயம் உண்டா என்று கேட்பவர்கள், அப்போது யார் யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2010 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நாக்பூரில் அவர் டெஸ்ட்டில் அறிமுகமானபோது தேர்வுக் குழுத் தலைவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். வாரியத்தின் செயலாளர் என். சீனிவாசன். கேப்டன் தோனி, ஐபிஎல்லில் பத்ரிநாத் ஆடிய சென்னை அணிக்கும் கேப்டன். தலைவர், செயலாளர், கேப்டன் என மூன்று பக்கமும் சென்னைத் தொடர்பு இருந்தும் அவருக்கு இரண்டு டெஸ்ட்டுக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் காரணத்தை மும்பையில் தேட முடியாது. அது ஆடுகளத்திலேயே இருந்தது. திராவிட், டெண்டுல்கர், லட்சுமண் மூவரும் நடுவரிசையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. காயத்தால் விழுந்த இடைவெளியில் உள்ளே வந்தவர், காயம் ஆறியவர்கள் திரும்பியதும் வெளியே போனார். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் புஜாராவும் கோலியும் டெஸ்ட் அணிக்குள் நுழைந்துவிட்டார்கள். அதே காலத்தில், 2011 ஜூனில் ஜமைக்காவில், முரளி விஜயும் அபினவ் முகுந்தும் இந்தியாவின் தொடக்க ஜோடியாக இறங்கினார்கள். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த நாட்களில் வடக்கே ‘சென்னை லாபி’ என்று புலம்பினார்கள் என்பது இங்கே யாருக்கும் நினைவில் இல்லை.

மாநிலப் பாசம்தான் தேர்வைத் தீர்மானிக்கிறது என்ற வாதம் 2019 உலகக் கோப்பைத் தேர்வில் உடைந்து நொறுங்குகிறது. அப்போதைய தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் குண்டூர்க்காரர். நான்காம் இடத்துக்குப் பல மாதங்களாகத் தயார் செய்யப்பட்ட அம்பத்தி ராயுடுவும் குண்டூர்க்காரர். ஊர்ப்பாசம் வேலை செய்திருந்தால் அந்த இடம் ராயுடுவுக்கு எழுதிவைத்ததுபோல் கிடைத்திருக்க வேண்டும். பிரசாத்தின் குழு தேர்ந்தெடுத்ததோ தமிழ்நாட்டின் விஜய் சங்கரை. பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் மூன்றும் தெரிந்த ‘முப்பரிமாண’ ஆட்டக்காரர் என்பது சொல்லப்பட்ட காரணம். ராயுடு முப்பரிமாணக் கண்ணாடி வாங்கப்போவதாகக் கிண்டலடித்தார், நாடே சிரித்தது. மான்செஸ்டரில் பாகிஸ்தானுக்கு எதிராக உலகக் கோப்பையில் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்த விஜய் சங்கர், பிறகு கால்விரல் காயத்தால் வெளியேறினார். மாற்றாக அனுப்பப்பட்டவர் கர்நாடகத்தின் மயங்க் அகர்வால். ராயுடு ஓய்வை அறிவித்தார். அந்தத் தேர்வு தவறு என்று வாதிடலாம்; தவறுதான் என்பதற்கு வலுவான காரணங்களும் உண்டு. ஆனால் அது தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்குச் சாதகமாக நடந்த தவறு. லாபிக் கதையை நம்புகிறவர்கள் இந்த அத்தியாயத்தை ஒருபோதும் எடுத்துப் பேசுவதில்லை.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் இதே நிலைதான். 2023 ஜூலையில் தலைவரான அஜித் அகர்கர் அசல் மும்பைக்காரர். 2021இல் டி20 உலகக் கோப்பைக்குப் பின் கைவிடப்பட்ட வருண் சக்கரவர்த்தி, அவருடைய தலைமையில்தான் திரும்ப அழைக்கப்பட்டு 2024 அக்டோபரில் ஆடினார். 2025 சாம்பியன்ஸ் டிராபிக்கு முதலில் அறிவித்த அணியில் வருண் இல்லை. பிப்ரவரியில் பட்டியலைத் திருத்தி அவரைச் சேர்த்தார்கள், அவருக்காக நீக்கப்பட்டவர் யஷஸ்வி ஜெய்ஸ்வால். மும்பை பேட்ஸ்மேனை எடுத்துவிட்டுத் தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளரைச் சேர்த்தது மும்பைத் தலைவரின் குழு. துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக வருண் 42 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இந்தியா கோப்பையை வென்றது. அந்தக் குழுவில் தமிழ்நாட்டின் எஸ். சரத்தும் அப்போது உறுப்பினராக இருந்தார். ரஞ்சியில் நூறு போட்டிகளுக்கு மேல் ஆடி, இந்தியாவுக்கு ஒரு போட்டிகூட ஆடக் கிடைக்காதவர் அவர்.

ஓரங்கட்டப்படுகிறோம் என்ற புகார் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. கேரளத்தில் சஞ்சு சாம்சன் பெயரைச் சொன்னால் இதே வசனம் மலையாளத்தில் வரும். 2005 நவம்பரில் கங்குலி அணியில் இல்லாத கோபத்தில் ஈடன் கார்டன்ஸ் கூட்டம் தென்னாப்பிரிக்காவுக்குக் கைதட்டியது. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்தும் டெஸ்ட் ஆடவில்லை. சரி, மும்பைக்காவது குறையில்லாமல் இருந்ததா? பத்மாகர் சிவால்கர் மும்பைக்காரர். 589 முதல்தர விக்கெட், டெஸ்ட் பூஜ்ஜியம். அமோல் மஜும்தார் மும்பைக்காரர். 11,167 முதல்தர ரன், இந்தியத் தொப்பி கிடையாது. சர்ஃபராஸ் கான் ரஞ்சியில் சீசனுக்குத் தொள்ளாயிரம் ரன் என்று இரண்டு சீசன்களில் குவித்தும் 2024 பிப்ரவரி வரை காத்திருந்தார். எல்லா மாநிலமும் பாதிக்கப்பட்டது என்றால் பாதித்தவர் யார்?

பாதித்தது எண்ணிக்கைதான். ரஞ்சிக் கோப்பையில் ஆடும் அணிகள் 38. களத்தில் இறங்கும் பதினொருவரை மட்டும் எண்ணினாலும் ஒரு சுற்றில் 418 பேர். தேசிய அணியில் இடம் பதினொன்று. 1932இல் இந்தியா முதல் டெஸ்ட் ஆடியதிலிருந்து 2021 ஜனவரி வரை டெஸ்ட் தொப்பி அணிந்தவர்கள் 301 பேர்; 300ஆவது நடராஜன், 301ஆவது வாஷிங்டன் சுந்தர். ஆண்டுக்கு நான்கு பேர்கூடத் தேறாத வாசல் இது. இவ்வளவு குறுகிய வாசலில், சதி எதுவும் இல்லாமலேயே தகுதியுள்ளவர்கள் நூற்றுக்கணக்கில் வெளியே நிற்பார்கள்.

அஸ்வின் விவகாரத்தில் ரசிகர்கள் குற்றவாளியையே மாற்றிப் பிடிக்கிறார்கள். 2021இல் இங்கிலாந்து மண்ணில் அந்நாட்டுக்கு எதிராக ஆடிய நான்கு டெஸ்ட்டிலும், 2023 ஜூனில் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் இறுதிப் போட்டியிலும் அவர் வெளியே உட்கார்ந்தார். அந்த ஐந்து தடவையும் தேர்வுக் குழு அவரை அணியில் சேர்த்திருந்தது. சுற்றுப்பயணத்துக்கான பட்டியலைப் போடுவது குழு. அதிலிருந்து ஆடும் பதினொருவரைப் பிரிப்பது கேப்டனும் பயிற்சியாளரும். பச்சைப் பசேலென்ற ஆடுகளத்தில் ஒரே ஒரு சுழற்பந்து வீச்சாளர் போதும், அவர் பேட்டும் பிடிக்கட்டும் என்று ஜடேஜாவை வைத்துக்கொண்டது அணி நிர்வாகத்தின் கோழைத்தனமான கணக்கு. ஓவலில் அதற்கு 209 ரன் தோல்வி என்ற விலையும் கொடுத்தார்கள். கண்டிக்க வேண்டிய முடிவுதான். 537 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வுபெற்ற ஒருவருக்கு, 106 டெஸ்ட் ஆட வாய்ப்புக் கொடுத்த அமைப்பு அவர் பிறந்த மாநிலத்துக்காக அவரைப் பழிவாங்கியது என்பதுதான் நிற்காத வாதம்.

தேர்வில் அக்கிரமம் நடந்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1936 இங்கிலாந்துப் பயணத்துக்கு விஜயநகரத்து மகாராஜகுமார் பணத்தாலும் செல்வாக்காலும் கேப்டனானார். லாலா அமர்நாத் முதல் டெஸ்ட்டுக்கு முன்பே ஊருக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டுக் கிரிக்கெட்டைத் தேர்ந்த சென்னையின் எம்.ஜே. கோபாலன் அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்டும் ஆடாமல் திரும்பினார். ஹாக்கி அணி தங்கத்தோடு வந்தது. பின்னாளில் ஐந்து மண்டலத்துக்கு ஐந்து தேர்வாளர் என்றிருந்த முறையிலும் ‘உன் ஆளுக்கு நான், என் ஆளுக்கு நீ’ என்ற பேரம் நடக்க இடமிருந்தது. வாரியத்தைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட லோதா குழு 2016இல் தேர்வாளர் எண்ணிக்கையை மூன்றாகக் குறைக்கச் சொன்னதும் இந்த மாதிரி நோய்களை மனத்தில் வைத்துத்தான். ஆனால் பேரம் என்றால் எல்லா மண்டலத்துக்கும் பங்கு உண்டு. அது ஒரு மாநிலத்துக்கு எதிரான சதி ஆகாது.

உண்மையான விலக்கல் வேறிடத்தில் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஆடியவர்களில் பெரும்பாலோர் சென்னையின் சில பேட்டைகள், சில பள்ளிகள், சில கிளப்புகள் வழியாக வந்தவர்கள். திருமயத்துப் பையன் ஒருவன் பதினாறு வயதில் எங்கே ஆடுகிறான்? கோடையில் வற்றிய கண்மாயில், டென்னிஸ் பந்தில். எட்டு ஓவர் அல்லது பத்து ஓவர் ஆட்டம். குழாய் ஸ்பீக்கரில் வர்ணனை. முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு என்று நோட்டீஸ். திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் டென்னிஸ் பந்து அறுபது கிராம் அளவில் இருக்கும். ஸ்டிச் பால் 156 கிராமுக்குக் குறையாது. தையலை வைத்து ஸ்விங் செய்வது, புல் ஆடுகளத்தில் எழும்பி வரும் பந்தை விடுவது, ஒரே நாளில் இருபது ஓவர் வீசுவது ஆகிய மூன்றையும் கண்மாய் கற்றுத்தராது. ஒரு பேட்ஸ்மேன் அங்கே தேறுவது கால்பக்கம் தூக்கி அடிப்பதில். உள்மாவட்டங்களில் ஸ்டிச் பாலில் ஆடக் கிடைக்கும் இடத்திலும் பெரும்பாலும் மேட்டிங்தான் விரிக்கிறார்கள். 16 வயதுக்குட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும்போது, பத்து வயதிலிருந்து புல் ஆடுகளத்தில் வலைப்பயிற்சி எடுத்த சென்னைப் பையனோடு அவன் போட்டியிட வேண்டும். சென்னை நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. முதல் டிவிஷன் லீக் அங்கேதான். போய்ச் சேர்ந்தாலும் தங்க இடம், சாப்பாடு, கிட் பை, ஒரு கிளப்பில் பதிவு, சம்பளத்துக்கு ஒரு வேலை இவ்வளவும் வேண்டும். அகர்கரின் மேசைக்கு அவன் பெயர் போய்ச் சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவன் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

நடராஜன் கதையை நேராகப் படித்தால் இதுதான் தெரியும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர், சென்னை லீக்கின் கீழ் டிவிஷனில் ஆரம்பித்து முதல் டிவிஷன் கிளப்பான ஜாலி ரோவர்ஸ் வரை ஏறினார். 2015 ஜனவரியில் ரஞ்சியில் அறிமுகமான உடனே அவர் பந்துவீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. சிறுவயதில் ஒரு பயிற்சியாளர் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டியதை 23 வயதில் திருத்திக்கொள்ள நேர்ந்தது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் (டிஎன்பிஎல்) திண்டுக்கல் அணிக்கு வீசிய யார்க்கர்கள் அவரை மீட்டன. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு ஆடியபோது வயது 29. ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அந்தப் பயணத்தின் டி20 அணியில் அவர் பிடித்த இடம் காயமடைந்த வருணுடையது, அதாவது இன்னொரு தமிழ்நாட்டுக்காரருடையது. 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சை, பிறகு அடுத்தடுத்த காயங்கள். 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தும் டி20 உலகக் கோப்பைக்கு அவரை எடுக்கவில்லை என்பது ரசிகர்களின் பெரிய வழக்கு. இடக்கை வேகத்துக்கு எடுக்கப்பட்டவர் அர்ஷ்தீப் சிங், அந்தத் தொடரில் அவர் எடுத்தது 17 விக்கெட். நடராஜன் இழந்தது 29 வயதுக்குப் பிந்திய ஓரிரு தொடர்கள் அல்ல. 16 வயது முதல் 23 வரையான ஏழு ஆண்டுகள். அவற்றைப் பறித்ததில் மும்பைக்குப் பங்கில்லை.

திருமயம் இருக்கும் அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியிலிருந்து, செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண்ணான சாந்தி சௌந்தர்ராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தது தனியாகப் பேச வேண்டிய கொடுமை. தேசிய அணிக்குப் போகும்வரை அவர் வழியில் புல் ஆடுகளமோ கிளப் முதலாளியோ குறுக்கே வரவில்லை. ஓடுவதற்குத் தரை போதும், அளப்பதற்குக் கடிகாரம் போதும். கிரிக்கெட்டில் திறமையை அளக்கும் கருவியே பெருநகரத்தில்தான் இருக்கிறது.

சாதியையும் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. மாநில அணித் தேர்வில் சாதி பார்க்கப்படுவதைச் சுசீந்திரனின் ‘ஜீவா’ 2014இல் கதையாக்கியது. தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ 2024இல் இன்னும் கீழே இறங்கி, ஊர் அணியிலேயே யாரைச் சேர்ப்பது என்பதில் சாதி நிற்பதைக் காட்டியது. திரைப்படம் ஆதாரம் ஆகாது. ஆனால் இரண்டு படமும் கேள்வியைத் தமிழ்நாட்டுக்குள் கேட்டன. ‘தமிழனை ஒதுக்குகிறார்கள்’ என்ற கூக்குரல் செய்கிற முதல் வேலை இந்தக் கேள்வியை அமுக்குவது. மயிலாப்பூரில் வளர்ந்த பையனையும் திருமயத்துக் கண்மாயில் ஆடும் பையனையும் ‘தமிழன்’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிட்டால், இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் கண்ணில் படாமல் போகிறது. மாநிலச் சங்கத்துக்கும் இது சௌகரியம். மாவட்டத்துக்கு எத்தனை புல் ஆடுகளம், மாநில அணிகளில் சென்னைக்கு வெளியிலிருந்து எத்தனை பேர், வெளியூர்ப் பையன்கள் தங்கிப் பயிற்சி பெற என்ன ஏற்பாடு என்று அதனிடம் கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் மும்பையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி சென்னை மேயரானபோது நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு மழையைக் குறை சொல்லவில்லை, பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட வழிசெய்தார். கிரிக்கெட்டில் அந்த வேலையை இதுவரை செய்தவர்களில் ஒருவர் நடராஜனேதான். சின்னப்பம்பட்டியில் தன் சொந்தச் செலவில் அவர் அமைத்த மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். நடுவில் நான்கு ஆடுகளங்கள், பயிற்சிக்கு இரண்டு.