செல்லாது என்றனர் நம்மையும்!

"செல்லாது!"

1953-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒலித்த சொல் இது. செல்லாது எனத் தள்ளப்பட்டது பொய்ப் பத்திரமா? கள்ள நாணயமா? இரண்டுமில்லை, தோழர்களே! ஒரு சுயமரியாதைத் திருமணம்! ஊரறிய, உளமொத்து இணைந்த இருவரின் வாழ்வு! சாத்திரம் விதித்த சடங்கு நடைபெறவில்லை. ஆகவே அது திருமணமே அன்று என்று கூறிற்று தீர்ப்பு.

என் பாட்டியின் திருமணமும் அத்தகையதே. புரோகிதர் இல்லை, புகை இல்லை, புரியாத மந்திரம் இல்லை. இருவர் உறுதிமொழி கூறினர், மாலை மாற்றினர், மணமக்களாயினர். ஆனால் தண்ணீர்த்துறையில் குடத்தோடு நின்றபோதெல்லாம் அவர் காதில் விழுந்த பெயர் மனைவி என்பதன்று. "வைத்துக்கொண்டவள்" என்பதே! சட்டமும் அதையே சொன்னது. சாதி வெறியர்களும் அதையே சொன்னார்கள். 1967-ஆம் ஆண்டு அறிஞர் அண்ணாவின் ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புதிதாக நடக்கும் திருமணங்கள் மட்டுமல்ல, முன்னரே நடந்த திருமணங்களும் செல்லும் என்று அச்சட்டம் அறிவித்தது. அன்றுதான் என் பாட்டி சட்டத்தின் கண்ணுக்கும் மனைவியானார்.

இந்தக் கதையை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். ஆனால், தோழர்களே, நேற்று நம்மீது வீசப்பட்ட அந்தச் சொல் இன்று வேறொருவர்மீது வீசப்படுகிறதே, அப்போது நாம் எங்கே நிற்கிறோம்? ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், இவர்களைப் பார்த்து "உன் அன்பு அன்பல்ல, உன் வாழ்வு வாழ்வல்ல, செல்லாது போ!" என்று ஊர் விரட்டுகிறதே, அந்த விரட்டும் கூட்டத்தின் எதிரில் நிற்கிறோமா, நடுவில் நிற்கிறோமா?

நடுவில் நின்றவன் நான். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்ய வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுக்கூட்டம். மாற்றுக் கட்சித் தலைவர் ஒருவரைத் தாக்க வேண்டும். வாதம் இருந்தது, ஆதாரம் இருந்தது. அவை போதாவென்று குரலைக் குழைத்தேன், இடுப்பை ஒடித்தேன், "இவர் ஆண்மகன்தானா?" என்று கேட்டேன். கொட்டகை அதிரச் சிரிப்பு! கைதட்டல்! மாலை விழுந்தது என் கழுத்தில். கூட்டம் கலைந்த பிறகு, அன்று விடியலிலிருந்து கொடி கட்டி, நாற்காலி சுமந்து, ஒலிபெருக்கிக்காரரோடு மல்லாடிய இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணே, அந்தப் பேச்சை மட்டும் இனிமேல் பேச வேண்டாம். நானும் அப்படிப்பட்டவன்தான்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, கோபிக்கவில்லை. மீதியிருந்த கொடிகளைச் சுருட்டப் போய்விட்டார்.

எவன் உழைப்பில் மேடை எழுந்ததோ, அவன் நெஞ்சிலேயே நின்று கூத்தாடியிருக்கிறேன்! அந்த மாலையின் கனம் இன்னும் என் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

இனி எதிர்ப்பாளர்களின் வாதங்களுக்கு வருவோம். அவற்றுள் பல நம் கிளைக்கழகத் திண்ணைகளிலும் கேட்பவை.

"இது மேல்நாட்டு இறக்குமதி" என்கின்றனர். இறக்குமதியானது எது? அன்பா, அடக்குமுறையா? ஆண்களுக்கிடையிலான உறவுக்குத் தூக்குத் தண்டனை விதித்து 1533-இல் இங்கிலாந்தில் சட்டம் செய்தவன் எட்டாம் ஹென்றி. அந்தச் சட்டத்தின் வழிவந்ததே, மெக்காலே தலைமையில் வரையப்பட்டு, 1860-இல் நிறைவேறி, 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. பத்தாண்டுச் சிறை, அல்லது ஆயுள் முழுதும் சிறை! கப்பலேறி வந்தது குற்றச்சாட்டுதான், குற்றமல்ல. வெள்ளையன் விட்டுச்சென்ற விலங்கைப் பண்பாடு என்று பட்டுத்துணியில் பொதிந்து பூசை செய்பவர்கள், நம்மைப் பார்த்து மேல்நாட்டு மோகம் என்கிறார்கள்!

விலங்கைச் செய்தவனே அதைக் கழற்றிய கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் செருமானியரின் மறைமொழியை உடைத்த அறிஞர்களுள் முதன்மையானவர் ஆலன் டூரிங். நாடு காத்த அவரை 1952-இல் அந்த நாடே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அவர் செய்த குற்றம், ஓர் ஆணை நேசித்தது. சிறைக்கு மாற்றாக அவர் உடலில் பெண்மைச் சுரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். 1954-இல், 41 வயதில், அவர் மாண்டார். 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. மன்னிப்பு வந்தது, மனிதன் வரவில்லை!

வயது நிறைந்த இரு ஆடவர் தனிமையில் இணைவது குற்றமல்ல என்று இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் செய்த ஆண்டு எது தெரியுமா? 1967! நாம் சென்னைக் கோட்டையில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்த அதே 1967! அதன் பின்னும் 51 ஆண்டுகள் அந்தக் கறைபடிந்த பிரிவு இந்நாட்டில் உயிரோடிருந்தது.

"சிறு தொகையினர்தாமே, அவர்களுக்காக இவ்வளவு ஆரவாரமா?" என்கின்றனர். 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் 377-இன் கொடுக்கை ஒடித்தது. 2013-இல் உச்சநீதிமன்றம் அக்கொடுக்கை மீண்டும் ஒட்டவைத்தது. அப்போது அது சொன்ன காரணங்களுள் ஒன்று, இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர் என்பது. தலைகளை எண்ணித் தரும் பண்டமா உரிமை? எண்ணிக்கையைக் காட்டி எளியவரை மிதிப்பது என்ன நியாயம் என்று மொழிப் போரில் கேட்டவர்கள் அல்லவா நாம்! டில்லி நம்மை நோக்கி நீட்டிய அளவுகோலை நாம் இன்னொருவரை நோக்கி நீட்டலாமா? 2018 செப்டம்பர் 6 அன்று, ஐந்து நீதிபதிகள் ஒருமித்து அந்தத் தவற்றைத் திருத்தினர். வரலாறு இம்மக்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று அவர்களுள் ஒருவரான நீதிபதி இந்து மல்கோத்ரா எழுதினார். 2024 சூலையில் அந்தத் தண்டனைச் சட்டமே மாற்றப்பட்டபோது 377 என்னும் எண்ணுக்கு வாரிசு இல்லாமற் போயிற்று.

"இது நோய், வைத்தியம் பார்க்க வேண்டும்" என்கின்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும், உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இலும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. இல்லாத நோய்க்கு இங்கே இன்னமும் வைத்தியம் நடக்கிறது! ஒரு வீட்டில் மந்திரவாதியின் வேப்பிலை; மற்றொரு வீட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவரின் மாத்திரை. வேப்பிலைக்கும் மாத்திரைக்கும் வேறுபாடு என்ன, இரண்டும் மூடநம்பிக்கையின் கையில் இருக்கும்போது?

இவ்விடத்தில் நம் மாநிலத்து நீதிபதி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், காவல்துறையின் தொல்லையிலிருந்து காக்குமாறு உயர்நீதிமன்றத்தை நாடினர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதைப் பற்றிப் போதிய அறிவில்லை, தம் மனத்திலும் பழைய எண்ணங்கள் படிந்திருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், உளவியலாளர் முன் மாணவரைப்போல் அமர்ந்து கற்றார். கற்ற பிறகே 2021 சூன் 7-இல் ஆணை பிறப்பித்தார். தன்பாலீர்ப்பை "மாற்றுகிறோம்" என்னும் வைத்தியம் கூடாது. செய்யும் மருத்துவர்மீது நடவடிக்கை வேண்டும். காவலர் தொல்லை தரலாகாது என்றார். அதன் பயனாக 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே, இம்மக்களைத் துன்புறுத்தலாகாது என்னும் விதி சேர்ந்தது.

உயர்நீதிமன்ற நீதிபதிக்கு "எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கும் அடக்கம் இருந்தது. பகுத்தறிவுப் பாசறையில் பயின்றோம் என்னும் நமக்கு அது வேண்டாமா?

"ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்கின்றனர். நாடகக்காரன் நான், அந்தக் காட்சியை எழுதிப் பார்க்கிறேன்.

மணப்பந்தல். மாப்பிள்ளை தலை கவிழ்ந்திருக்கிறான். நாணம் என்கிறது ஊர். ஆறு மாதம் கழித்து, அதே வீட்டின் பின்கட்டு. மாமியார் கேட்கிறாள்: "இன்னும் விசேடம் ஒன்றும் இல்லையா?" மருமகள் வாய் திறக்கவில்லை. எதைச் சொல்வாள்? கணவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஆனால் தொடவுமில்லை என்றா? "மலடி" என்ற பட்டம் அவளுக்கு. மௌனம் என்ற சிறை அவனுக்கு. ஊரார் மானம் மட்டும் ஊனமின்றி இருக்கிறது. ஒருவனைத் திருத்துவதாகச் சொல்லி இருவரைப் புதைத்தார்களே, இதற்குப் பெயர் மங்கல நாளா? விருப்பமில்லாப் பெண்ணைக் கட்டிவைக்கும் கொடுமையைக் கண்டித்து நாடகம் போட்ட இயக்கம் இது. விருப்பமில்லா ஆணையும், ஏதுமறியாப் பெண்ணையும் ஒரே கயிற்றில் கட்டும் கொடுமையை மட்டும் வாழ்த்திப் பாடுவதோ?

"இயற்கைக்கு மாறானது" என்கின்றனர். இந்தச் சொல்லை நாம் எங்கே கேட்டோம்? கைம்பெண் மறுமணம் புரிவது முறையல்ல என்றவன் வாயில்! பெண் படிப்பது பெண்மைக்கு மாறு என்றவன் வாயில்! பிறப்பிலேயே உயர்வு தாழ்வு வகுத்தது ஆண்டவன் கட்டளை என்றவன் வாயில்! தன் வழக்கத்துக்கு மாறானதை எல்லாம் இயற்கைக்கு மாறானது என்பது ஆதிக்கக்காரனின் பழைய தந்திரம். அந்தத் துருப்பிடித்த வாளை எடுத்து நாமும் வீசினால், பிடியில் இருப்பது நம் கையாயினும், வாள் அவனுடையதே!

கடைசியாக ஒரு வாதம். இதுதான் நம்மவர் வாதம். "விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, மாநில உரிமை இருக்கிறது, இப்போது இதுவா முக்கியம்?"

தோழர்களே, 377-ஆம் பிரிவால் அதிகம் வதைபட்டவர் யார்? வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாடு இருக்கிறது. தனி மாளிகை இருக்கிறது. பேருந்து நிலையத்தின் இருட்டில் நிறுத்தி, "வீட்டுக்குச் சொல்லட்டுமா?" என்று மிரட்டி, அன்றைய கூலியைப் பிடுங்கியது யாரிடம்? ஏழையிடம்! வாடகை வீட்டிலிருந்து பாதி இரவில் தூக்கியெறியப்படுகிறவன் யார்? ஏழை! மில்லிலும் பட்டறையிலும் கேலி தாங்காமல் வேலையை விட்டு ஓடுகிறவன் யார்? ஏழை! சோற்றுக்கு வழி கேட்பவனும் இவனே. சுயமரியாதை கேட்பவனும் இவனே. முதலில் சோறு, பிறகு மானம் என்று வரிசை வகுத்தவர்களா நம் முன்னோர்? பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு மாநாடு தீர்மானம் போட்டபோதும் "இப்போது இதுவா முக்கியம்?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். அறுபது ஆண்டுகள்! நேரம் வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் வராது. நாம்தான் போய் அழைத்து வர வேண்டும்.

பெரியவர்கள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று ஏடு புரட்டிப் பார்க்கிறேன் என்பவருக்கு ஒரு சொல். அவர்கள் நமக்குத் தந்தது விடைகள் அடங்கிய வேதமன்று, அளக்கும் கோல். பிறர்க்குத் தீங்கில்லாத, இருவர் இசைந்த அன்பைத் தடுக்க மதத்துக்கு என்ன உரிமை, ஊருக்கு என்ன உரிமை? அளந்து பாருங்கள்.

இன்று நிலை என்ன? குற்றம் போயிற்று; உரிமை வரவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத்தவர் திருமணத்தை ஏற்க உச்சநீதிமன்றம் மறுத்தது. அது சட்டமன்றங்களின் வேலை என்றது. 2025 மே மாதத்தில் நம் உயர்நீதிமன்றத்தின் முன் 25 வயதுப் பெண் ஒருவர் நின்றார். நேசித்த தோழியிடமிருந்து பிரித்து வீட்டில் அடைத்து வைக்கப்பட்டவர், அடிபட்டவர். அவர் விரும்பியபடி செல்லலாம் என்று விடுவித்த நீதிபதிகள், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும் கூறினர். கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. தள்ள வேண்டியது யார்? சட்டம் செய்வது சட்டமன்றம் என்றால், சட்டமன்றத்தை அசைப்பது யார்? கட்சி! கட்சியை அசைப்பது யார்? நீங்கள்!

ஆகவே கேட்கிறேன். ஆண்மையில்லை என்னும் ஏச்சும், குரல் குழைத்து இடுப்பொடிக்கும் சேட்டையும் இன்றோடு நம் மேடையிலிருந்து ஒழியட்டும். எதிரியின் கொள்கையை அடிக்க ஆயிரம் சொற்கள் தமிழில் உண்டு. இந்த இழிசொல் இல்லாமல் பேச வராதவன் மேடையேற வேண்டாம். வீட்டை விட்டு விரட்டப்பட்ட பிள்ளை நம் கிளை அலுவலகத்துக்கு வந்தால், "உன் அப்பாவிடம் சொல்கிறேன்" என்னாமல், "உட்கார், சாப்பிட்டாயா?" என்று கேட்கும் ஒரு தோழர் அங்கே இருக்கட்டும். இணைந்து வாழ்வோருக்கு மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் சொத்திலும் பாதுகாப்புத் தரும் சட்டம் வேண்டும் என்று நம் மாவட்ட மாநாடுகள் தீர்மானம் இயற்றட்டும். 1929 போல ஒரு தீர்மானம்! ஆனால் அறுபது ஆண்டுகள் வேண்டாம்.

அன்று கொடி சுருட்டப் போன அந்த இளைஞர் இன்னும் நம் கட்சியில்தான் இருக்கிறார். நாம் அவரை ஏளனம் செய்த பிறகும் நம் கொடியைக் கீழே போடவில்லை. அவருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. என் பாட்டியிடம் 1968-இல் இந்த மாநிலம் சொன்ன அதே சொல்.

"செல்லும்!"