வரிக்கு மட்டும் தொழிலாளியா?

இங்கிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்து டொலரில் உழைக்கிற எங்களுக்கும் 2025 ஏப்ரல் 1 முதல் வருமான வரி. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. அதற்கு மேல், காசு வங்கி வழியே வந்தால் உச்சம் 15 சதவீதம். கட்டமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளக்காரருக்கு அது 36 வரை ஏறுகிறது, எங்களுக்குச் சலுகைதான்.

ஆனால் அவருடைய சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம் போடவேண்டும். எங்களுக்கோ முதலாளியே இல்லை. ஒப்பந்தத்தில் நாங்கள் ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’. ஒரு மின்னஞ்சலோடு வேலை போனால் ஆரிட்டைப் போய்க் கதைக்கிறது? வங்கியில் லோன் கேட்டால் சம்பளத் துண்டு எங்கே என்கிறார்கள். இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டுகிற அதே வருமானம் அங்கே வருமானமில்லையாம்! வரிப் படிவத்தை வருமானச் சான்றாக வங்கிகள் ஏற்கட்டும்; நாங்களாகவே சேமலாப நிதிக்குப் பங்களிக்க ஒரு வழியும் திறக்கட்டும்.